எழுபத்திரண்டு ரகசியப் பிரதிகள்

வாரியம் என் அம்மாவின் நுரையீரலை முப்பத்தாறு கம்பெனிகளுக்கு அனுப்பிவைத்தது. கம்பெனிக்கு இரண்டாக எழுபத்திரண்டு பிரதிகள். ஒவ்வொரு பிரதியிலும் சிவப்பு மையில் ‘ரகசியம்’ என்று முத்திரை. ஒன்றில்கூட முத்திரை கோணலாக விழவில்லை. ஓர் அலுவலகத்தில் ஒரு வேலை இத்தனை சுத்தமாக நடந்து நான் பார்த்ததில்லை. இந்தப் பாராட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போகக் கோபத்தில் விட்டுப்போகும்.

என் பெயர் ஹேமந்த். ஒடுகத்தூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து வெப்சைட்களிலும் ஆப்களிலும் ஓட்டை தேடுவது என் பிழைப்பு. திருடன் எந்தப் பக்கமாக உள்ளே வர முடியும் என்று அவனுக்கு முன்னால் கண்டுபிடித்து உரியவரிடம் சொல்ல வேண்டும். அவர் அடைத்துக்கொள்வார். இதை ஊரில் விளக்கிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. எதிர்வீட்டுக் கன்னியப்பன் மாமா தோல் பதனிடுகிற ஷாப்பில் இருபது வருடமாக வேலை செய்கிறவர். “அப்போ நீயும் திருடன்தான். சொல்லிட்டுத் திருடற, அவ்ளோதான்” என்று முடிவு கட்டிவிட்டார். அதற்குமேல் அவரிடம் நான் வாதாடவில்லை.

வேலை இல்லாத நேரத்திலும் எனக்கு இதே புத்திதான். வேலூரில் பழைய சாமான் கடைகளில் செத்துப்போன ரவுட்டர்களை வாங்கிவந்து பிரித்துப் பார்ப்பேன். சொந்தமாகக் கீபோர்டு கட்டுவேன். மற்ற நேரமெல்லாம் ‘தாழ்ப்பாள்’ என்ற டெலிகிராம் குழுவில் கழியும். எங்களைப் போன்ற இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதில் இருக்கிறோம். பாஸ்வேர்டை நோட்டில் எழுதிவைப்பது நல்லதா, அதற்கென்று ஒரு ஆப் வைத்துக்கொள்வது நல்லதா என்று நாலு வருடமாகச் சண்டை நடக்கிறது, இன்னும் தீரவில்லை. ஒருவர் வீட்டு ஃபிரிட்ஜ் வைஃபையில் தானாகச் சேர்ந்துகொண்டு யாரோடு பேசுகிறது என்று ஒரு வாரம் விசாரணை நடத்தினோம். சந்தோஷமான நாட்கள்.

தாழ்ப்பாள் குழுவுக்கு இரண்டு விதிகள் உண்டு. எங்கள் தொழிலில் உள்ள நல்லவர்கள் எல்லோருக்கும் அதே விதிகள்தான். ஒன்று, ஓட்டையைக் கண்டுபிடித்தால் தம்பட்டம் அடிக்கக் கூடாது. உரியவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, தொண்ணூறு நாள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டு, ஓட்டையைச் சோதிக்கிறேன் என்று முன்பின் தெரியாதவர்களின் கோப்பைத் திறந்து பார்க்கக் கூடாது. தன்னுடையதைத் திறக்கலாம், அல்லது சம்மதம் சொன்ன தன் வீட்டு மனுஷருடையதைத் திறக்கலாம். இந்த இரண்டாவது விதியை நான் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன்.

குழுவில் எனக்கு நெருக்கம் காட்பாடி சதீஷ்குமார். ஆறு வருட தோஸ்த். தினமும் பேசுவோம், நேரில் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஆனாலும் எங்கள் மாதிரி ஆட்கள் நேரில் பார்த்துக்கொள்வது வழக்கமில்லை, என்ன பேசுவது என்று தெரியாது. அவன் கல்யாணத்துக்குத் தமிழ் எழுத்துப் பொறித்த ஒரு கீபோர்டைக் கட்டிக் கூரியரில் அனுப்பினேன். அதற்கு மணிக்கட்டு வைக்கும் மெத்தையை அம்மா தைத்துக் கொடுத்தாள். ஆம்பூரில் கிலோ கணக்கில் விற்கும் தோல் துண்டில், பழுப்பும் பச்சையுமாக இணைத்து, ஓரத்தில் இரட்டைத் தையல். “யாருக்குடா?” என்று கேட்டாள். “கூடப் பொறக்காத அண்ணன் மாதிரிம்மா” என்றேன். சொன்னது நான்தான், மறுக்கவில்லை.

அம்மா பெயர் தாயாரம்மாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் லைனில் பத்தொன்பது வருடம். ஷூவின் மேல்பாகத் தோல்களில் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை. அந்தச் சொல்யூஷன் வாடையில் அவளுக்கு மூச்சிரைப்பு வந்து ஆறேழு வருடம் ஆகிறது. லைனில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ‘உடம்பைப் பாத்துக்கம்மா’ என்று அன்பாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே இன்ஹேலரைச் சோற்று டப்பாவுக்கு அடியில் வைத்து எடுத்துப்போய், பாத்ரூமில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு இழுப்பாள். குழாய்ச் சத்தத்தில் இழுக்கிற சத்தம் கேட்காது. எனக்கு யாரும் கற்றுத்தராத அளவுக்கு அவளுக்குப் பாதுகாப்பு தெரியும்.

அவள் உண்மையைச் சொன்னது ஒரே ஓர் இடத்தில்தான். ‘பாலாறு தோல்–காலணித் தொழிலாளர் உடல்நல வாரியம்’ கம்பெனி வாசலில் முகாம் போட்டபோது. ‘உங்கள் ரகசியம் எங்கள் உயிர்’ என்று முப்பதடியில் பேனர் கட்டியிருந்தார்கள். “கம்பெனிக்குப் போவாதுங்களே?” என்று டாக்டரம்மாவிடம் மூன்று தரம் கேட்டுவிட்டு, அப்புறம்தான் அம்மா சட்டென்று எல்லாவற்றையும் சொன்னாளாம். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு அட்டை கொடுத்தார்கள், எண் 40217. மாதாமாதம் இன்ஹேலர் இலவசம். கூடவே ‘தோல் தோழன்’ என்று ஒரு ஆப். அதைத் திறக்கத் தெரியாமல் போனை என்னிடம் நீட்டினாள். வினை அங்கே ஆரம்பித்தது.

மருந்துச் சீட்டைத் தட்டினேன், பிரவுசரில் திறந்தது. மேலே இருந்த இணைய முகவரி 40217 என்று முடிந்தது. அவள் அட்டை எண்ணேதான். எங்கள் தொழிலில் உள்ளவனுக்கு இதைப் பார்த்தால் கை நமநமவென்று இருக்கும். அந்த எண்ணை மாற்றிப் போட்டால் அடுத்தவர் கோப்பு வருமா? வந்தால் நாற்பதாயிரம் பேரின் சளியும் சர்க்கரையும் தோல் வியாதியும் ஊருக்கே திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். எந்தக் கம்பெனியும் யாரை வேலைக்கு வைக்கலாம், யாரை அனுப்பலாம் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தெரியாதவர் எண்ணைப் போடக் கூடாது, விதி. ஆகவே என் போன் நம்பரில் புதிதாக ஒரு கணக்கு தொடங்கினேன். நீ தொழிலாளியா, எந்த ஊர் என்று ஆப் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடம் போய் நின்றேன்.

“எம்மா, உன் நம்பரை வெச்சி ஒண்ணு சோதிச்சிப் பாக்கட்டா?”

“இன்னாத்துக்கு?”

“ஓட்டை இருக்குதான்னு பாத்து வாரியத்துக்கு எழுதணும். மத்தவங்களுது எடுக்கக் கூடாது. அது தப்பு.”

“என்னுது எடுத்தா தப்பில்லையா?”

“நீ சரின்னா தப்பில்ல.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “யாருக்கும் போவாதில்ல?”

“போவாதும்மா. மூடின ரிப்போர்ட். நானும் வாரியமும்தான்.”

“சரி, உன்ன நம்பாம யார நம்பப் போறேன்” என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போனாள்.

என் கணக்கிலிருந்து அவள் எண்ணைப் போட்டேன். எக்ஸ்ரே, மூச்சுச் சோதனை, போட்டோ, கம்பெனி பெயர், எல்லாம் வரிசையாக வந்தது. கடைசி வரியில் டாக்டரம்மா பொறுப்பாக எழுதியிருந்தார்: ‘இத்தகவலை நோயாளி தம் நிறுவனத்துக்குத் தெரிவிக்கவில்லை.’

ரிப்போர்ட் எழுதினேன். அம்மாவின் பெயர், முகம், எண், கம்பெனி எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பட்டை போட்டேன். அனுப்புவதற்கு முன் சதீஷிடம் காட்டினேன். பாராட்டினான். “பட்டை இல்லாத காப்பி ஒண்ணு அனுப்பு ஹேமந்த், நானும் ஒருவாட்டி சரிபாத்துடறேன். ரெண்டு பேர் பாத்தா வெயிட்டு ஜாஸ்தி” என்றான். அனுப்பினேன். ஆறு வருட தோஸ்த்.

வாரியத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. பெட்டி நிரம்பியிருக்கிறதாம். புகார்ப் பக்கம் ‘விரைவில்’ என்றது. தபாலில் அனுப்பினேன். நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது: ‘தங்கள் விண்ணப்பத்தில் பல இடங்கள் கறுப்பு மையால் அழிக்கப்பட்டுள்ளதால் அது முழுமையற்றதாகக் கருதப்படுகிறது. அழித்தல் திருத்தல் இன்றி, நேரில் சமர்ப்பிக்கவும்.’

வேலூர் போனேன். பிரிவு கண்காணிப்பாளர் நசீமுன்னிசா மேடம் என் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“தம்பி, எங்க ஃபாரத்துல மூணே காரணம்தான் இருக்குது. அட்டை தொலைஞ்சது, பேர் தப்பு, ஆள் மௌத்து. நீங்க எதுல வர்றீங்க?”

“நான் எதுலயும் வரலை மேடம். எல்லாரோட கோப்பும் தெறந்து கெடக்குது. அதைச் சொல்ல வந்தேன்.”

“அதுக்குக் கட்டம் இல்லியே” என்றார் நிஜமான வருத்தத்தோடு. கடைசியில் ‘பேர் தப்பு’ என்பதில் டிக் அடித்தார். எந்தப் பெயர் தப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ‘வாரியம்’ என்று எழுதலாமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் எழுதவும் விடவில்லை.

இயக்குநர் பரந்தாமன் எப்போதும் மேடையில் நிற்பதுபோலத்தான் பேசுவார். டீ சொல்வதுகூட “தேநீர் இரண்டு வந்தால் நலமாயிருக்கும்” என்றுதான். என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் எழுந்து நின்றுகொண்டார்.

“திரு. ஹேமந்த் அவர்களே, ஓட்டை என்று ஒன்று இருந்தால் அது எங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே இல்லை. இந்த ஆப் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை ஒரேயொரு புகார்கூட வந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.”

“புகார் குடுக்கற பக்கம் இன்னும் தெறக்கலை சார்” என்றார் நசீமுன்னிசா மேடம்.

“அது வேறு விஷயம். அதைத் திறந்தால் புகார் வரும்.”

நான் என் போனை எடுத்து, “இப்பவே காட்டறேன் சார், ரெண்டு நிமிஷம்” என்றேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“பார்த்துவிட்டால் பிறகு நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. எனக்கு அந்தச் சங்கடம் வேண்டாம். அதோ பாருங்கள்.” சுவரில் சந்தனமாலை போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. ‘தோல் தோழன் முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டது. ஓட்டை ஏதும் இல்லை. அரண் செக்யூரிட்டி ஆலோசகர்கள்.’ கையெழுத்து மாலைக்குள் மறைந்திருந்தது. “ஒரு நிபுணர் இல்லை என்கிறார். நீங்கள் இருக்கிறது என்கிறீர்கள். உங்களிடம் சான்றிதழ் இருக்கிறதா?”

“ஓட்டைக்கா சார்?”

“ஆம். ஓட்டை இருக்கிறது என்பதற்கு.”

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் விசாரணைக் குழு அமைப்பதுதான் முறை என்றார். என்னைத் தேநீர் குடிக்கச் சொன்னார். நல்ல தேநீர்.

விசாரணை பத்து நாள் கழித்து. ஓட்டையை விசாரிக்கப் போகிறார்கள் என்று நினைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். மேஜையின் அந்தப் பக்கம் பரந்தாமன், நசீமுன்னிசா மேடம், நிபுணர் என்று பலகை வைத்த ஒரு காலி நாற்காலி. நாற்காலிக்கு எதிரே லேப்டாப்பும் ஒரு கீபோர்டும் இருந்தன. தமிழ் எழுத்துப் பொறித்த கீபோர்டு. முன்னால் பழுப்பும் பச்சையுமாகத் தோல் மெத்தை, ஓரத்தில் இரட்டைத் தையல்.

எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கம், ஆனால் சொல்லத்தான் வேண்டும். சதீஷ் நமக்காக வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

வெளியே போயிருந்த நிபுணர் கை துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். ஆளைப் பார்த்ததில்லையே தவிர, குரல் பழகிய குரல்தான். “வணக்கம், உட்காருங்க மிஸ்டர் ஹேமந்த்” என்றான். மிஸ்டர்! அரண் செக்யூரிட்டி என்பது அவன்தான். அவன் மட்டும்தான். ஆறு வருடத்தில் அவன் என்னிடம் ஃபிரிட்ஜ் முதல் பெண்டாட்டியோடு சண்டை வரை சொல்லியிருக்கிறான். இதை மட்டும் சொல்லவில்லை.

“முதல் கேள்வி” என்றார் பரந்தாமன். “நீங்கள் ஏன் எண்ணை மாற்றினீர்கள்?”

“மாத்த முடியுதான்னு பாக்க.”

“மாற்றச் சொல்லி வாரியம் கேட்டதா?”

“இல்லை சார். ஆனா மாத்தக்கூடிய மாதிரி வெச்சிருந்தீங்க.”

“திரு. ஹேமந்த் அவர்களே, நாற்பதாயிரம் தொழிலாளர்கள் இந்த ஆப்பை உபயோகிக்கிறார்கள். ஒருவராவது எண்ணை மாற்றினாரா? ஒழுக்கமான மக்கள். அந்த ஒழுக்கத்தை நம்பித்தான் இந்த ஆப் கட்டப்பட்டது. நீங்கள் ஒருவர்தான் மாற்றினீர்கள். ஆகவே வாரியத்தின் கணக்குப்படி ஓட்டை நீங்கள்தான்.”

சதீஷ் இதை டைப் அடித்தான். டக் டக் என்று எனக்குப் பழக்கமான சத்தம். அந்தச் சத்தம் வரவேண்டும் என்று ஒவ்வொரு சாவிக்கும் நான் எண்ணெய் போட்டுப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன்.

“சதீஷ், நீ சொல்லு. நீயே பாத்தியே. ஓட்டை இருக்குதா இல்லையா?”

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “நான் பரிசோதனை பண்ணப்போ முகவரிக்குப் பக்கத்துல பூட்டுப் படம் இருந்துது. பூட்டு இருந்தா பாதுகாப்புன்னு அர்த்தம். அதுக்கப்புறம் வெளியாள் ஒருத்தர் பண்ணதுக்கு ஆலோசகர் பொறுப்பில்லை.”

பூட்டுப் படத்தை நம்புகிறவர்களைக் கிண்டல் செய்து தாழ்ப்பாளில் இருபது பக்கத்துக்கு எழுதியவன் அவன்தான்.

“அடுத்தது” என்று பரந்தாமன் ஒரு கட்டை எடுத்தார். “தாங்கள் தர மறுத்த அழித்தல் திருத்தல் இல்லாத பிரதி, நிபுணர் மூலமாகக் கிடைத்துவிட்டது. அவருக்கு நன்றி. விதி பதினொன்றின்படி, பதிவேடு தொடர்பான எந்தப் புகாரையும் எல்லா உறுப்பினர்களின் கருத்துக்கும் சுற்றுக்கு விட வேண்டும்.”

“உறுப்பினர்னா யாரு சார்?”

“கம்பெனிகள்தான். முப்பத்தாறு கம்பெனிகள்.”

நான் எழுந்துவிட்டேன். கத்தினேன் என்று நினைக்கிறேன். அதுல ஒண்ணுதான் என் அம்மா வேலை பார்க்கிற இடம், அங்க தெரியாதுன்னு நம்பித்தான் உங்ககிட்ட சொன்னா, அனுப்பாதீங்க சார் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

பரந்தாமன் மிகவும் கனிவாகச் சிரித்தார். “பதறாதீர்கள். நாங்கள் அப்படியேவா அனுப்பிவிடுவோம்? ஒவ்வொரு பிரதியிலும் ரகசியம் என்று முத்திரை குத்தித்தான் அனுப்புவோம்.”

“சார், அந்தம்மா பேரு, போட்டோ எல்லாம் இருக்குதே இதுல” என்றார் நசீமுன்னிசா மேடம்.

“இருப்பதால்தானே ரகசியம்? இல்லாவிட்டால் முத்திரை எதற்கு?”

வெளியே டீக்கடையில் சதீஷைப் பிடித்தேன். அடிக்கத்தான் நினைத்தேன். எனக்கு அடித்துப் பழக்கமில்லை, கை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

“ஏன்டா?” என்றேன்.

“தப்பா எடுத்துக்காத ஹேமந்த். ஓட்டை இருக்குதுன்னு வந்துட்டா என் சான்றிதழ் போச்சு. இது இல்லாம இன்னும் பன்னெண்டு இடத்துல என் சான்றிதழை மாட்டி வெச்சிருக்காங்க, தெரியுமா? நீ எங்கிட்ட மொதல்ல காமிச்சதே நல்லதாப் போச்சு, நான் தயாரா இருந்தேன்.”

“அது எங்கம்மாடா.”

“அதான் கேக்கறேன். யாராச்சும் அம்மாவோடதை எடுத்துப் போடுவாங்களா? வேற யாருடையதாவது எடுத்திருக்கலாமே.” நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். பிறகு, “அந்த மெத்தை சூப்பரா இருக்குது, அம்மாகிட்ட சொல்லு” என்றான்.

நாலாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். கம்பெனி வண்டி அந்நேரத்துக்கு வராது. டவுன் பஸ்ஸில் வந்திருந்தாள். சோற்று டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்து கழுவுமிடத்தில் வைத்தாள். அவளே சொன்னாள்.

“எச்.ஆர். பொண்ணு பூர்ணிமா கூப்ட்டா. ரகசியம்னு போட்ட பேப்பரு. ஏசி ரூம்ல உக்கார வெச்சி, தண்ணி குடுத்து, ‘இவ்ளோ நாளா எங்ககிட்ட மறைச்சிட்டீங்களேக்கா, நம்பிக்கைத் துரோகம் இல்லையா’ன்னு கேட்டா. அதுவும் கரெக்ட்தானேன்னு இருந்துச்சி எனக்கு. உங்க உடம்புக்குத்தான் சொல்றோம்னு கணக்கு முடிச்சிட்டாங்க. அந்தப் பேப்பரைப் பாத்தேன்னு கையெழுத்து வேற வாங்கினாங்க, ரகசியமாம்.”

“எம்மா...”

“அடியில உன் பேரு இருந்துச்சி. பூர்ணிமா படிச்சா. தகவல் அளித்தவர், ஹேமந்த், அடைப்புக்குறிக்குள்ள மகன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது செய்திருப்பேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, “யாருக்கும் போவாதுன்னியே” என்று மட்டும் கேட்டாள். அந்த முகாம் டாக்டரம்மாவும் அதையே சொல்லியிருந்தார். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி அவளை வாயைத் திறக்க வைத்திருக்கிறோம்.

மனசு கொதித்து எல்லாவற்றையும் தாழ்ப்பாளில் எழுதினேன். மூன்று நாளில் நானூற்றுப் பன்னிரண்டு செய்திகள். கறுப்புப் பட்டைக்குப் பதில் படத்தையே கலைத்திருக்க வேண்டுமா என்று முதல் நாள். தொண்ணூறு நாளைத் தபால் போட்ட நாளிலிருந்து கணக்கிடுவதா, போய்ச் சேர்ந்த நாளிலிருந்தா என்று இரண்டாம் நாள். மூன்றாம் நாள் ஒருவர், “உங்கள் அம்மா பாஸ்வேர்டை மாற்றிவிட்டாரா?” என்று அக்கறையாகக் கேட்டார். சதீஷ் கடைசியாக வந்தான். ‘நம் துறையில் நம்பிக்கை என்பது மிக முக்கியம் நண்பர்களே’ என்று நீளமாக எழுதினான். அதற்கு எண்பத்தொன்பது பேர் இதயம் போட்டார்கள். நான் குழுவிலிருந்து வெளியேறினேன். ஒருவன் வெளியேறினால் குழுவில் தானாக ஓர் அறிவிப்பு வரும். அதற்கும் ஆறு இதயம் விழுந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அம்மா வேறு மூன்று கம்பெனிகளுக்கு வேலை கேட்டுப் போனாள். நல்ல கைக்காரி, எங்கே போனாலும் வா வா என்பார்கள். இம்முறை மூன்று இடத்திலும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். எழுபத்திரண்டு பிரதிகளும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தன.

அடுத்த மாதம் வாரியத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. ‘தாங்கள் சுட்டிக்காட்டிய குறைபாடு சரிசெய்யப்பட்டுவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். தங்கள் சமூக அக்கறையைப் பாராட்டி, வாரியத்தின் நண்பர் என்னும் சான்றிதழ் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.’ எனக்குக் கொஞ்சம் நெஞ்சு இளகியது. போனது போகட்டும், நாற்பதாயிரம் பேராவது தப்பித்தார்களே. அம்மாவிடம் அப்படியாவது ஒன்றைச் சொல்லலாமே.

என் கணக்கிலிருந்து 40217 என்று போட்டேன். ‘இப்படி ஒரு தொழிலாளர் இல்லை’ என்று வந்தது. சரியான வேலை. அம்மாவின் போனில் அவள் கணக்கிலேயே போட்டுப் பார்த்தேன். ‘இப்படி ஒரு தொழிலாளர் இல்லை.’

கன்னியப்பன் மாமா கதவருகில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “என் நம்பரைப் போட்டுப் பாருடா” என்று தன் வாரிய அட்டையை நீட்டினார். சம்மதம் தானாக வந்தது. போட்டேன். மாமாவின் போட்டோ, சர்க்கரை, கையில் உள்ள தோல் வியாதி, எல்லாம் வரிசையாக விழுந்தது.

“டேய், என்னுது வருதுடா!” என்றார் மாமா பெருமையாக. கொஞ்ச நேரம் படித்துவிட்டு அவர் முகம் மாறியது. “இதையாச்சும் யாருக்கும் எழுதிப் போட்றாத. உன் கால்ல வேணா வுழறேன்.”

அவர்கள் ஓட்டையை அடைக்கவில்லை. ஓட்டையில் தெரிந்த ஆளை எடுத்துவிட்டார்கள். மருந்துக் கவுன்ட்டரில் அம்மாவுக்கு இன்ஹேலர் இல்லை என்றுவிட்டார்கள், அப்படி ஒரு தொழிலாளர் இல்லாதபோது அவருக்கு எப்படி மூச்சிரைக்கும்? நசீமுன்னிசா மேடத்துக்கு போன் செய்தேன். “புதுசா சேர்க்கணும்னா கம்பெனி லெட்டர் வேணும் தம்பி” என்றார். பிறகு, “அந்த முத்திரையெல்லாம் நான்தான் குத்தினேன். அம்மாகிட்ட சொல்லுங்க” என்றார். மன்னிப்புக் கேட்கிறாரா, தகவல் அளிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்க அம்மாவுக்கு வராது. ஒடுகத்தூரிலேயே வேர்க்கடலை உடைக்கிற மில்லுக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே சொல்யூஷன் இல்லை, தூசி. வேண்டாம் என்றால் காதில் வாங்குவதில்லை. மருந்துக் கடையில் நானே இன்ஹேலர் வாங்கிவந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். “மூச்சு எப்படிம்மா இருக்குது?” என்று தினம் காலையில் கேட்பேன். “நல்லாத்தான் இருக்குது” என்பாள். கம்பெனி சூப்பர்வைசரிடம் ஏழு வருடமாகச் சொன்ன அதே குரல்.

எனக்கு வழி தெரியாமலில்லை. இன்ஹேலரின் முதுகில் சின்னதாக ஒரு ஜன்னல் இருக்கும், இன்னும் எத்தனை தரம் இழுக்கலாம் என்று அதில் எண் காட்டும். வாங்கியபோது 200. அவள் மில்லுக்குப் போனதும் எடுத்துப் பார்ப்பேன். 196. 190. அடுத்த வாரம் ஒரே நாளில் பன்னிரண்டு குறைந்திருந்தது. “எம்மா, நேத்து பன்னெண்டு வாட்டி இழுத்திருக்கியே” என்று பதறிக் கேட்டேன். அவள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் காலை அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது இன்ஹேலரை எடுத்துத் திருப்பினேன். அந்தச் சின்ன ஜன்னலின் மேல் பழுப்புத் தோல் துண்டு ஒன்று அளவெடுத்து வெட்டி ஒட்டியிருந்தது. ஓரம் எங்கேயும் தூக்கவில்லை. நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தேன். பத்தொன்பது வருட பேஸ்டிங், அசையவில்லை.

“இன்னாம்மா இது?” என்றேன்.

அம்மா சீப்பை வைத்துவிட்டு வந்து, இன்ஹேலரை என் கையிலிருந்து வாங்கிச் சோற்று டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

“அதுல ஒரு ஓட்டை இருந்துச்சி” என்றாள். “அடைச்சிட்டேன்.”